பாக்கி யாருக்கு?

பெயரும் உருவமும் கடந்த மையத்தின் பெருமைமிகு ஆசான் அவர்களுக்கு,

ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு முந்திரிக் கடைக்காரன் எழுதிக்கொள்வது. உங்கள் பெயரை எழுதவில்லை. பெயரெல்லாம் மாயை என்று மூன்று நாளும் மைக் வைத்துச் சொன்னவர் நீங்கள். அதை மீற மனம் வரவில்லை.

உங்கள் மூன்று நாள் முகாமுக்குக் கொடுத்தது பன்னிரண்டு கிலோ முழு முந்திரிப்பருப்பு, கிலோ 800 ரூபாய். முன்பணம் 2,000 போக, பாக்கி 7,600. "கடைசி நாள் வந்து வாங்கிக்குங்கண்ணா" என்று உங்கள் ஆட்கள் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை பில்லோடு மண்டபத்தில் வந்து நின்றேன். என்னை ஒன்றரை நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்தீர்கள். மனசுக்குள் கணக்குப் போடுகிறீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் தேன் ஒழுகக் கேட்டீர்கள்: "பாக்கி யாருக்கு?"

"எனக்குத்தாங்க சாமி."

"அந்த 'எனக்கு' யாரு?"

மண்டபமே சிரித்தது. லினன் ஜிப்பா போட்ட அம்மா ஒருவர் என் தோளைத் தொட்டு, "அண்ணா, உங்க ஈகோதான் பில் போடுது" என்றார். ஐம்பத்தெட்டு வயதில், அறுபது பேர் பார்க்க, பில்லை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்தது யாரென்று தெரியாது. மாட்டிக்கொண்ட செருப்பு என்னுடையதுதான்.

ஐயா, உங்கள் ஞானத்தின் நுட்பத்தை வீட்டுக்குப் போய்த்தான் ரசித்தேன். முகாமில் சேர ஆளுக்கு 4,500 ரூபாய், ஆதார் நகல், இரண்டு போட்டோ. ரசீதில் இனிஷியல்கூடத் தப்பாமல் பெயர். அந்தக் கவுண்டரில் யாரும் "கட்டுவது யார்?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. வாங்கும்போது எதிரே ஆள் இருக்கிறான். கொடுக்கும்போது காணாமல் போகிறான். சங்கரர் இதற்கும் ஒரு பாஷ்யம் எழுதியிருக்கலாம்.

உங்கள் சீடர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூன்று நாளில் ஒருவர் வாயிலும் 'நான்' வரவில்லை. ஒரு தம்பி எதிர் டீக்கடையில் நின்று, "இங்கே டீ தேவைப்படுகிறது" என்றாராம். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எங்கே?" என்றிருக்கிறார். உங்கள் நோட்டீசிலோ உங்களுக்கு 2014 மார்ச்சில் 'விழிப்பு நிகழ்ந்தது' என்று போட்டிருந்தது. எங்களுக்குத் தினமும் காலை நாலரைக்கு நிகழ்கிறது. யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை.

தவிர, 'இல்லாதது இருப்பதாகத் தெரிகிறது' என்பதை ஜெயங்கொண்டத்துக்காரனுக்கு வகுப்பெடுக்க வேண்டுமா? பழுப்பு நிலக்கரி மின் நிலையம் வருகிறது என்று 1990களில் இந்தப் பக்கத்து ஊர்களில் நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டுக்காகக் கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி இறங்கினோம். மின் நிலையம் வரவே இல்லை. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் அரண்மனை நின்ற மாளிகைமேட்டில் செங்கல் வரிசைதான் மிச்சம். மாயை எங்களுக்குப் பாடம் இல்லை, ஊர். ஆனாலும் நிலம் எடுக்க வந்த தாசில்தார்கூட "நிலம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பட்டாவைத்தான் பார்த்தார், என் கண்ணை அல்ல.

மேடையில் ரமணர் படம் வைத்து மாலை போட்டிருந்தீர்கள். 1902-ல் திருவண்ணாமலை விருபாக்ஷி குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் 'நான் யார்?' என்று போய் நின்றார். தென்னாற்காடு கலெக்டர் ஆபீசில் வருவாய்த் துறை உத்தியோகஸ்தர். ரமணர் அப்போது பேசுவதில்லை. பதிலை எழுதிக் காட்டினார். முன்பதிவு இல்லை, ஆதார் இல்லை. பிற்பாடு ஆசிரமத்தில் விடியுமுன் எழுந்து சமையல்கட்டில் காய் நறுக்கியவரும் அவர்தான். பம்பாயில் நிசர்கதத்தர் பீடிக்கடை வைத்திருந்தார். பீடிக்குக் காசு வாங்கினார்; மாடியில் சொன்ன அத்வைதத்துக்கு வாங்கவில்லை. உங்களிடம் பீடியும் இல்லை.

இரண்டாம் நாள் நடந்ததை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. எங்கள் பட்டறையில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அம்மா. மகனை லாரி அடித்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. யாரோ சொன்னார்கள் என்று உங்களிடம் வந்து அழுதது. நீங்கள் அதே சிரிப்போடு, "செத்தது யார்?" என்றீர்கள். அந்த அம்மாவின் கையைப் பார்த்தீர்களா? கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு, தோல் கருகி உரிந்த கை. செத்தது யாரென்று அதற்குத் தெரியும். பெற்றது அது. என்னைப் பணத்தில் ஏமாற்றினீர்கள், போகட்டும். அந்த அம்மாவிடம் செய்தது அயோக்கியத்தனம். 1948 ஜூனில் லட்சுமி என்கிற பசு உயிர் விட்டபோது ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் மாலை போட்ட படத்தில் இருக்கிறாரே, அவரேதான்.

மன்னிக்க வேண்டும், குருவே. ஈகோ சற்றே பில் போட்டுவிட்டது. தங்கள் கருணைக்கு எல்லை ஏது? அடுத்த முகாம் தை மாதம் என்று கேள்விப்பட்டேன். சர்க்கரைப் பொங்கலுக்கு மறுபடியும் பருப்பு கேட்டு ஆள் வந்தது. "பருப்பு யாருக்கு?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

பழைய பாக்கி 7,600 அப்படியே நிற்கிறது. கடை காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் லீவு. கொண்டுவந்து கொடுப்பது யாராக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த 'எனக்கு'