42 கிலோமீட்டர் மொய்

நன்கொடை மாரத்தான் என்பது, ஓடவேண்டிய அவசியம் எதுவும் இல்லாத ஒருவர் 42.195 கிலோமீட்டர் ஓடி, அதற்காகத் தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் வசூலிக்கும் முறை. பிரிட்டனில் இது ஆழமாக வேரூன்றிய வழக்கம். அங்கே அலுவலகத்தில் ஒருவர் “ஹாஸ்பிஸுக்கு 20 பவுண்டு கொடுங்கள்” என்று நேராகக் கேட்டால், எல்லோரும் ஜன்னல் வழியே மழையைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். “ஹாஸ்பிஸுக்காக லண்டன் மாரத்தான் ஓடப்போகிறேன்” என்றால் பர்ஸ் திறக்கும். பணம் வேண்டுமென்றால் கேட்பவர் கொஞ்சம் வதைபட்டுக் காட்டவேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். தீமிதியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான்: மாரத்தானில் மிதிப்பவர் ஒருவர், காணிக்கை செலுத்துபவர்கள் ஊரார்.

ஹாஸ்பிஸ் என்பது, இனிக் குணமாகாது என்ற நிலைக்கு வந்த நோயாளிகளின் வலியையும் மூச்சுத்திணறலையும் பயத்தையும் தணித்து, இருக்கும் நாட்களை நாட்களாகவே வாழவைக்கும் இல்லம். அதன் இன்றைய வடிவம் சிசிலி சாண்டர்ஸ் தந்தது. செவிலியர், மருத்துவமனைச் சமூகப்பணியாளர், மருத்துவர் என்று மூன்று முறை படித்துத் தேறியவர் அவர். வலி வந்து நோயாளி கதறிய பிறகு மருந்து தருவதை விட்டு, வலி திரும்பி வருமுன்பே நேரம் தவறாமல் தரவேண்டும் என்றார். 1967இல் தெற்கு லண்டனின் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். அதற்கான முதல் பணம் 500 பவுண்டு. 1948இல் இறந்த டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூத அகதி, வரப்போகும் இல்லத்தில் தானொரு ஜன்னலாக இருக்க விரும்பி விட்டுச்சென்ற தொகை அது. யாரும் ஓடாமலே கிடைத்த பணம் என்பதால் இந்தத் துறையில் அது தனியாகக் குறிப்பிடத்தக்கது.

ஹாஸ்பிஸில் நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் அரசு தருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பழைய துணி விற்கும் கடைகளிலிருந்தும், உயில்களிலிருந்தும், ஓடுகிறவர்களின் முழங்காலிலிருந்தும் வரவேண்டும்.

லண்டன் மாரத்தானை கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் 1981இல் தொடங்கினார்கள். இன்று அதில் இடம் கிடைப்பது ஓடி முடிப்பதைவிடக் கடினம். 2025ஆம் ஆண்டு ஓட்டத்தின் குலுக்கலுக்கு 8,40,318 பேர் விண்ணப்பித்தார்கள். அறக்கட்டளைகள் முன்கூட்டியே சில இடங்களை வாங்கி வைத்திருக்கும். சுமார் 2,000 பவுண்டு திரட்டித் தருவதாக உறுதி கூறுபவருக்கு அந்த இடம் கிடைக்கும். குலுக்கலில் பெயர் வராத பலருக்குச் சமூக அக்கறை பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். அப்படிப் பிறந்தாலும் அது அக்கறைதான். பணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

வசூல் இணையப் பக்கத்தில் நடக்கிறது. கொடுத்தவர் பெயர், தொகை, வாழ்த்து மூன்றும் வரிசையாகத் தெரியும். அதாவது மொய் நோட்டு. முதல் வரி 50 பவுண்டு என்றால் அடுத்தவர் 10 எழுதக் கூசுவார். 5 என்றால் பிறகு வருபவர்கள் எல்லோரும் நிம்மதியாக 5 எழுதுவார்கள். எனவே அனுபவசாலிகள் வசதியான சித்தப்பாவை முதலில் பிடிப்பார்கள். கொடுப்பவர் வரி செலுத்துபவராக இருந்தால் ‘கிஃப்ட் எய்டு’ திட்டத்தில் அரசு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்க்கும். வரித்துறைக்கு யாரும் மனமார நன்றி சொல்லும் இடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஓட்டம் பெரும்பாலும் ஏப்ரலில் வரும். ஆகவே பயிற்சி முழுவதும் குளிர்காலத்தில், விடியாத காலையில். கால் நகங்கள் கறுத்து, ஒன்றிரண்டு விடைபெறும். பனியன் உரசி மார்க்காம்பில் இரத்தம் கசியும் என்பது ஆண்கள் முன்கூட்டி நம்பாத செய்தி. பிறகு வாஸ்லின் டப்பாவும் கையுமாக அலைவார்கள். இந்த மாதங்களில் ஓடுபவரின் பேச்சு முழங்காலைத் தாண்டாது. குடும்பத்தார் தரும் உண்மையான நன்கொடை அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

ஓட்டம் கிரீனிச் பகுதியில் தொடங்கி, ‘கட்டி சார்க்’ கப்பலைச் சுற்றி, டவர் பாலத்தைக் கடக்கிறது. அதுவரை எல்லோரும் வீரர்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குமேல் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் தீர்ந்துபோகிறது. ஓடுபவர்கள் இதைச் சுவரில் மோதுவது என்கிறார்கள். மோதி நிற்கும் அந்த நேரம் பார்த்து, காண்டாமிருக வேடமிட்ட ஒருவர் கடந்து செல்வார். காண்டாமிருகப் பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகளாக நடக்கும் வசூல் அது. வேடமிட்டு ஓடுபவர்களையெல்லாம் மிஞ்சியவர் லாய்டு ஸ்காட். 2002இல் ஆழ்கடல் முக்குளிப்பவரின் கனத்த பழங்கால உடையோடு புறப்பட்டு, 5 நாள் 8 மணி நேரத்துக்குப்பின் எல்லைக்கோட்டைத் தொட்டார். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். ஓடியதும் அதே நோய் கண்ட குழந்தைகளுக்காக.

மாரத்தான் ஏன் இவ்வளவு தூரம் என்ற கேள்வி கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் எழும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடிந்தது. அந்தத் தூரமே 1921இல் நிரந்தரமாயிற்று. அரச குடும்பம் உட்கார்ந்து பார்த்ததற்கு மற்றவர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

2024 லண்டன் மாரத்தானில் இப்படித் திரண்ட தொகை, எல்லா அறப்பணிகளுக்கும் சேர்த்து, 7.35 கோடி பவுண்டு. ஓடியவர்களோ திங்கட்கிழமை மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறார்கள், வலி வந்த பிறகு மாத்திரை தேடுகிறார்கள். சாண்டர்ஸ் சொன்ன முறை அதுவல்ல. அடுத்த ஆண்டுக்கான குலுக்கல் விண்ணப்பம் அந்த வாரம் திறந்தே இருக்கும்.