பச்சைக் கோட்டும் பரிவட்டமும்

எய்யா பேராண்டி, அட்லாண்டாவுல உக்காந்துக்கிட்டு அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்புல உறுப்பினராகணும்னு நீ ஆசைப்படுறதா உங்கம்மா சொன்னா. நல்ல ஆசைதான். ஆனா அந்த ஆசையை அவகிட்டச் சொன்னதோட நிறுத்திக்க. வேற எவன் காதுலயும் விழுந்துரக் கூடாது. விழுந்துச்சு, ஆயுசுக்கும் நீ அந்தக் கேட்டுக்குள்ள போன மாதிரிதான்.

ஏன்னா அங்க மனு போடுற வழக்கமே கிடையாது. படிவம் இல்லே, வரிசை இல்லே, எம்.எல்.ஏ. லெட்டர் செல்லாது. அவுகளாப் பாத்து அழைப்பு அனுப்பணும். மொத்தமே முந்நூறு பேரு பக்கந்தான். யார் யாரு உள்ள இருக்காகன்னு பட்டியல்கூட வெளிய விடமாட்டாக. 2002ல ஒரு பத்திரிகை எப்படியோ கைப்பத்திப் போட்டுருச்சு. உலகத்துலேயே பெரிய பணக்காரரா இருந்த பில் கேட்ஸ், எனக்கும் சேர ஆசைதான்னு வெளிய தெரியுறாப்புல காட்டிக்கிட்டாராம். அதுக்காகவே அவரைக் காக்க வச்சாகன்னு ஒரு பேச்சு உண்டு. கடன் கேட்டாக் கிடைக்கும், பொண்ணு கேட்டாக்கூடக் கிடைக்கும். கேட்டதுனாலேயே கிடைக்காமப் போற சங்கதி உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்.

அதனால இன்னிலேருந்து நீ பழக வேண்டியது கோல்ஃப் இல்லே. வேண்டாதவன் மாதிரி இருக்கப் பழகு. ஆபீசுல எவனாச்சும் அகஸ்டான்னு சொன்னா, கொட்டாவி விட்டுக்கிட்டே, ‘அது எந்தப் பக்கம் இருக்கு?’ன்னு கேளு. உங்க அத்தைமாரு நகைக்கடையில செய்வாளுகளே, பிடிச்ச வளையலைத் தள்ளி வச்சிட்டுப் பிடிக்காததை எடுத்து விலை கேப்பாளுக, அந்தச் சாமர்த்தியம் நம்ம ரத்தத்துல இருக்கு. உனக்கு வரும்.

அந்த கிளப்புக்காரங்க போடுற பச்சைக் கோட்டு இருக்கே, அதைப் பத்திக் கேட்டதும் எனக்கு நம்மூரு கோயில் கொடைதான் நெனப்புக்கு வந்துச்சு. பரிவட்டம்னு ஒண்ணரை முழத் துணி. அதை எந்தத் தெருக்காரன் தலையில முதல்ல கட்டுறதுன்னு ரெண்டு தரப்பும் மீசையை முறுக்கி, தாசில்தார் வந்து அமைதிக் கூட்டம் போட்டு, கடைசியில ரெண்டு பேருக்கும் இல்லேன்னு சாமிக்கே சுத்தி விட்டாக. கோட்டும் அப்படித்தான். 1937லேருந்து போடுறாக. மாஸ்டர்ஸ்னு வருசா வருசம் அங்க போட்டி நடக்குதில்லே, 1934ல ஆரம்பிச்சது. அதுக்கு வர்றவுக, வெவரம் கேக்கணும்னா யாரைக் கேக்கணும்னு அடையாளம் தெரியத்தான் முதல்ல அந்தக் கோட்டு. நம்ம பஸ் ஸ்டாண்டுல நேரக் காப்பாளரு காக்கிச் சட்டை போட்டிருப்பாரே, வேலை அதுதான். பின்னால 1949லேருந்து போட்டியில ஜெயிச்சவனுக்கும் ஒண்ணு மாட்டி விடுறாக. ஜெயிச்சவன் ஒரு வருசம் வீட்டுக்குக் கொண்டு போகலாம். மத்த உறுப்பினருக கிளப்பு வாசலைத் தாண்டுறப்போ கழட்டி வச்சிட்டுத்தான் வரணும். பரிவட்டத்தையாச்சும் ராத்திரி வீட்டுக்குக் கொண்டாந்து பொண்டாட்டிகிட்டக் காட்டலாம்யா. இதுல அதுவும் இல்லே.

உள்ள போயிட்டாப் பெரிய மனுசன் ஆயிருவோம்னு நெனைக்காதே. ஐசன்ஹோவர் கதை தெரியுமில்லே? நார்மண்டிக் கடற்கரையில படையை இறக்கின தளபதி, அப்புறம் அமெரிக்க ஜனாதிபதி. அகஸ்டாவுல உறுப்பினரு. அங்க 17ஆவது குழிக்குப் போற வழியில ஒரு பைன் மரம், அறுபது அடிக்கு மேல. இவரு அடிக்கிற பந்து சொல்லி வச்ச மாதிரி அதுலயே போய் முட்டும். 1956ல கிளப்புக் கூட்டத்துல எந்திரிச்சு, அந்த மரத்தை வெட்டணும்னாரு. தலைவரா இருந்தவரு கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ், கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோட சேர்ந்து கிளப்பை உண்டாக்கின ஆளு. அவரு மறுத்துப் பேசல, விளக்கம் சொல்லல. ‘கூட்டம் முடிஞ்சது’ன்னு எந்திரிச்சுட்டாரு. ஜனாதிபதி உக்காந்துட்டாரு. மரம் அதுக்குப் பிறகு 58 வருசம் நின்னு, ‘ஐசன்ஹோவர் மரம்’னே பேரும் வாங்கி, 2014 பிப்ரவரியில அடிச்ச பனிப்புயல்ல முறிஞ்ச பிறகுதான் எடுத்தாக. எனக்கு அந்த கிளப்பு மேல மனசாரப் பிடிச்சது இந்த ஒரு காரியந்தான். பெரிய மனுசன் வீட்டு வாசலை மறைக்குதுன்னு வேப்பமரத்தை வெட்டுற ஊர்ல இருந்துக்கிட்டு இதைக் கேட்டா ஏக்கமாத்தான் இருக்கு.

வாயையும் அடக்கணும். வேடிக்கை பாக்க வர்றவுகளைக் கூட்டம்னு சொல்லப்படாது, ‘பேட்ரன்ஸ்’ங்கணும், அதாவது புரவலர்கள். 1966ல தொலைக்காட்சியில வர்ணனை பண்ணின ஜாக் விட்டேக்கருங்கிறவரு வாய் தவறி, கும்பல்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தையைச் சொல்லிட்டாரு. அப்புறம் சில வருசத்துக்கு அவரு அந்தப் பக்கமே தலை காட்ட முடியல. அங்க ஓடப்படாது, வேகமா நடக்கலாம். செல்போன் கொண்டு போகப்படாது. ஆனா பிமென்டோ சீஸ் வச்ச சாண்ட்விச் ஒண்ணரை டாலர்தான். அமெரிக்காவுல ஒண்ணரை டாலருக்கு வேற என்ன கிடைக்கும்னு நீயே சொல்லு. ஏன் அம்புட்டு மலிவு? கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கிறதுக்கு ஆளு வேணுமில்லே ராசா. பாக்கிறதுக்கு ஆளு இல்லாட்டா பவுசு ஏது?

இங்கதான் சூட்சுமமே இருக்கு. இந்த மாதிரி கிளப்பு விக்கிற சரக்கு புல்லும் இல்லே, பந்தும் இல்லே. வெளிய நிறுத்தப்பட்டவுகதான் சரக்கு. அந்தச் சரக்கு யாரு யாருன்னு கொஞ்சம் பாரு. 1982 வரைக்கும் மாஸ்டர்ஸ் ஆட வர்ற எவனா இருந்தாலும் கிளப்பு கொடுக்கிற ஆளைத்தான் மட்டைப் பை தூக்க வச்சுக்கணும். அந்த ஆளுக அத்தனை பேரும் கறுப்பினத்தவுக. பை தூக்கலாம், எந்தப் பக்கம் சரிவுன்னு புல்லைப் பாத்துச் சொல்லலாம். ஆனா போட்டியில கறுப்பினத்தவர் ஒருத்தரு, லீ எல்டர், மட்டையைப் பிடிக்க 1975 ஆச்சு. உறுப்பினரா ஒருத்தரைச் சேர்க்க 1990 ஆச்சு. அதுவும் மனசு மாறி இல்லே. அந்த வருசம் அலபாமாவுல ஷோல் க்ரீக்குன்னு ஒரு கிளப்புல பெரிய போட்டி நடக்க இருந்துச்சு. கறுப்பினத்தவரை நாங்க சேர்க்கிறதில்லேங்கிற அர்த்தத்துல அந்த கிளப்பு நிறுவனரு பத்திரிகைக்காரன்கிட்ட வாயை விட்டுட்டாரு. விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக பின்வாங்குச்சுக. உடனே ஞானம் வந்து, போட்டிக்கு முன்னாடியே ஒருத்தரைக் கௌரவ உறுப்பினரா உக்கார வச்சாக. போட்டி முடிஞ்ச அடுத்த மாசமே அகஸ்டாவுக்கும் ஞானம் வந்துருச்சு. காசு தடைபடுற இடத்துலதான் சிலருக்குக் கண்ணு திறக்கும்.

பொம்பளைக விசயத்துல மட்டும் அகஸ்டா காசுக்கும் மசியல. மார்த்தா பர்க்குன்னு ஒரு அம்மா 2002ல, ஏன் பெண்களைச் சேர்க்கலேன்னு கேட்டு, விளம்பரதாரர்களுக்கு நெருக்கடி கொடுத்தாக. கிளப்பு என்ன செஞ்சுச்சு? விளம்பரமே வேண்டாம்னு, 2003லயும் 2004லயும் போட்டியை விளம்பரம் இல்லாமலே ஒளிபரப்புச்சு. ஒரு பொம்பளையை உள்ள விடுறதைவிட அந்த வருமானத்தை விடுறது மேல்னு கணக்குப் போட்ட பிடிவாதம்! அப்புறம் 2012ல கோண்டலீசா ரைஸ், டார்லா மூர்னு ரெண்டு பேரைச் சேர்த்தாக. ரைஸ் அம்மா அதுக்கு முன்னாலேயே அமெரிக்காவுக்கு வெளியுறவு மந்திரியா இருந்து முடிச்சாச்சு. பாத்துக்க, மந்திரியா ஆகுறது லேசு.

ஸ்காட்லாந்துல மியூர்ஃபீல்டுன்னு ஒரு மைதானம். அதை வச்சிருக்கிற சங்கந்தான் 1744ல கோல்ஃபுக்கு முதன்முதலா 13 விதி எழுதினது. 2016ல பெண்களைச் சேர்க்கலாமான்னு ஓட்டுப் போட்டாக. 64 சதவீதம் பேரு சரின்னாக. மூணுல ரெண்டு பங்கு வேணும்னு விதி, கொஞ்சத்துல போச்சு. வேண்டாம்னவுக சொன்ன காரணத்துல ஒண்ணு, மத்தியானச் சாப்பாட்டு ஏற்பாடு கெட்டுப்போகும்கிறது. எய்யா, நான் சிரிக்கல. ஆயுசு பூரா உங்க பாட்டி கையில சாப்பிட்டவன் நான், சாப்பாட்டுக்கும் பொம்பளைக்கும் என்ன விரோதம்னு எனக்கு இன்னும் பிடிபடல. ஓட்டு முடிவு வந்த அன்னிக்கே, இனி பிரிட்டிஷ் ஓபன் போட்டி உங்க மைதானத்துல இல்லேன்னு அதை நடத்துறவுக சொல்லிட்டாக. மறு வருசம் திரும்ப ஓட்டு, 80 சதவீதம் சரின்னுச்சு. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு பண்ணினாகளோ.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனா வேற வேடிக்கை. லாஸ் ஏஞ்சல்ஸ் கன்ட்ரி கிளப்பு, ஹாலிவுட்டுக்குப் பக்கத்துலேயே இருந்துக்கிட்டு சினிமாக்காரங்களைச் சேர்க்காததுக்குப் பேர் போனது. நம்ம ஊர்ல சினிமாக்காரனுக்குக் கோட்டையவே கொடுத்துருவோம். அங்க கேட்டைத் திறக்க மாட்டேங்கிறான். யூதர்களையும் அந்தக் காலத்துல சேர்க்கல. அவுக 1920ல ஹில்கிரெஸ்ட்டுன்னு தனியா ஒண்ணு கட்டிக்கிட்டாக. பின்னால பாரு, அந்தப் புல்லுக்கு அடியில எண்ணெய் கிடைச்சுச்சு. உறுப்பினருக்கெல்லாம் அதுல பங்கு வந்துச்சு. விரட்டினவன் மொகத்தை அன்னிக்குப் பாத்திருக்கணும்.

உடுப்பு விசயம் சொல்லணுமே. காலர் வச்ச சட்டை, அதை உள்ள விட்டிருக்கணும், ஜீன்ஸ் கூடாது, இப்படி நீட்டிக்கிட்டே போவாக. வெள்ளைக்காரன் பழக்கம்னு விட்டுரலாம். நம்மாளுக அவனை விடக் கெட்டி. டெல்லி கோல்ஃப் கிளப்புல 2017ல, மேகாலயாவுல இருந்து வந்த ஒரு அம்மா தன்னோட ஊர்ப் பாரம்பரிய உடுப்புல விருந்தாளியா வந்து சாப்பாட்டு மேசையில உக்காந்ததுக்கு, வேலைக்காரி மாதிரி இருக்காகன்னு எந்திரிக்கச் சொன்னாக. சென்னையில 2014ல ஒரு கிரிக்கெட் கிளப்புல, வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசல்ல நிறுத்தினாக. அதுக்குப் பிறகுதான் சட்டசபையில சட்டம் போட்டு வேட்டிக்கு வழி விட்டாக. வேட்டி கட்டின நாட்டுல வேட்டிக்குச் சட்டம் போட வேண்டியதாச்சு, இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

சரி, உன் அதிர்ஷ்டத்துக்கு ஒரு நாள் அழைப்பே வந்துருச்சுன்னு வச்சுக்க. உள்ள போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம், அடுத்து வர்றவனை எதிர்க்கிறது. பழைய கிளப்புகள்ல இதுக்குன்னே பெட்டி இருக்கும். சம்மதம்னா வெள்ளை உருண்டை, இல்லேன்னா கறுப்பு உருண்டை. கறுப்பு ஒண்ணே ஒண்ணு விழுந்தாக்கூடப் போதும், ஆளு வெளியே. யாரு போட்டாகன்னும் தெரியாது. நீ கூச்சப்படாமப் போடு. கதவு லேசாத் திறந்தா உன் பவுசு குறைஞ்சு போகுமில்லே? முந்தா நாள் வரைக்கும் நீயும் வெளியதான் நின்னேங்கிறதை மறந்துரு. அது மறக்கலேன்னா நீ இன்னும் சரியான உறுப்பினரு ஆகலேன்னு அர்த்தம்.

இம்புட்டும் சொன்ன பிறகும் உனக்கு ஆசை அடங்கலேன்னா, நேரா மூலவர் சந்நிதிக்கே போயிரு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆன்ட்ரூஸ் ஊரு. அங்க இருக்கிற ஓல்டு கோர்ஸ்தான் கோல்ஃபுக்கே தாய்வீடும்பாக. அது யாரு சொத்து? ஊர்ப் பொதுச் சொத்து. கடற்கரை ஓரத்து மேய்ச்சல் புறம்போக்கு. ஆடுக காத்துக்கு ஒதுங்கிப் படுத்த பள்ளந்தான் பின்னால மணல் குழியாச்சுன்னு சொல்றாக. 1552லேயே ஜான் ஹாமில்டன்கிற ஆர்ச் பிஷப்பு, ஊர்ச்சனம் அங்க கோல்ஃப் ஆடலாம், கால்பந்து ஆடலாம்னு எழுதிக் கொடுத்திருக்காரு. நடுவுல நகராட்சி கடன்பட்டு அந்த நிலத்தை வித்து, வாங்கினவுக முயல் பண்ணை வச்சு, புல்லெல்லாம் பொந்தாகி, முயல்காரனுக்கும் ஊருக்கும் இருபது வருசத்துக்கு வம்பு வழக்கு நடந்துச்சு. 1894ல நகராட்சியே திரும்ப வாங்கிருச்சு. ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்னு ஒரு பெரிய கிளப்பு முதல் குழிக்குப் பக்கத்துல கல் மாளிகை கட்டி உக்காந்திருக்கு. பெண்களைச் சேர்க்க அதுக்கும் 2014 ஆச்சு. ஆனா மாளிகைதான் அவுகளது, மைதானம் ஊரோடது.

அங்க நீ ஆடணும்னா யாரு காலையும் பிடிக்க வேண்டாம். ரெண்டு நாளைக்கு முன்னால பேரைக் கொடுத்தா குலுக்கிப் போடுவாக. வந்தா கட்டணத்தைக் கட்டிட்டு ஆடலாம். வரலேன்னாலும் மனசு விடாதே. ஞாயித்துக்கிழமை போ. பெரிய போட்டி நடக்கிற சமயம் தவிர, அன்னிக்கு அங்க கோல்ஃப் கிடையாது. ஊர்ச்சனம் நாயைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அந்தப் புல்லு மேல நடந்து போகும். சீட்டு கிடையாது, கோட்டு கிடையாது, வேட்டியோட போனாலும் எவனும் ஏன்னு கேக்க மாட்டான். டிக்கெட் போடுறதா இருந்தா ரெண்டாப் போடுய்யா. எனக்குப் பாஸ்போர்ட்டு தயாராத்தான் இருக்கு.