வாத்தியாராகப் போறீராமே, மருமவனே!

உக்காரும் மருமவனே. காப்பியைக் குடியும். எம் மவ எல்லாத்தையும் எப்பவோ சொல்லிட்டா. இத்தனை வருசமா கிளியரிங் ஏஜென்சியில பில்லு போட்டுக்கிட்டு, கஸ்டம்ஸ் ஆபீசுக்கும் புதுத் துறைமுகத்துக்கும் பைக்கை விரட்டிக்கிட்டுக் கிடந்த மனுசன், 44 வயசுல வேலையை விட்டுட்டு, பி.எட். படிச்சு, பள்ளிக்கூடத்து வாத்தியாராகப் போறீராமே. ரொம்பச் சரி. கன்டெய்னர் எதுத்துப் பேசுதா? இல்ல. ஒண்ணுக்குப் போகணும்னு விரலைக் காட்டுதா? அதுவும் இல்ல. பக்கத்துக் கன்டெய்னரைப் பென்சிலால குத்திப்புட்டு, "அவந்தான் சார் முதல்ல"ன்னு ஒப்பாரி வைக்குதா? கிடையவே கிடையாது. அப்பிடிப்பட்ட இடத்துல ஒரு மனுசன் எத்தனை நாளைக்குத்தான் நிம்மதியா இருப்பான்!

உம்மை மட்டும் குத்தஞ்சொல்ல மாட்டேன். நம்ம தூத்துக்குடித் தண்ணி அப்பிடி. வ.உ.சி.யைப் பாரும். வக்கீலுக்குப் படிச்ச மனுசன், கோர்ட்டும் கச்சேரியுமா இருந்திருக்கலாம்லா? 1906-ல, 34 வயசுல, சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, காலியோ, லாவோன்னு ரெண்டு கப்பலை வெள்ளைக்காரன் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டினாரு. 1908-ல செயிலு. வெளிய வரும்போது கப்பலும் இல்ல, வக்கீல் சன்னதும் இல்ல. அவரு பேருதான் இப்ப நம்ம துறைமுகத்துக்கு. அவரு பிறந்தது செப்டம்பர் 5. ஆசிரியர் தினமும் அன்னைக்குத்தான். பாத்தீரா, இப்பவே உம்ம கண்ணு மின்னுது. அது ராதாகிருஷ்ணன் பிறந்தநாளுக்கு வச்சது வே, உமக்குச் சகுனம் சொல்ல வச்சது இல்ல.

அப்புறம் இந்தக் கடலு. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல. எனக்கு மீசை அரும்பாத வயசு. அதோட சரி, முத்துப்பாருல சிப்பி இல்ல. முத்துக்கு முங்கினவன் சங்குக்கு முங்கினான், இல்லாட்டி தோணியில ஏறினான், உப்பளத்துல வாருகோலைப் பிடிச்சான். அவனவன் வயித்துப்பாட்டுக்குத் தொழிலை மாத்தினான். "இந்தத் தொழில்ல உமக்கு மனநிறைவு இருக்கா"ன்னு ஒருத்தனும் கேக்கல. நீரு மனநிறைவுன்னு ஒரு சொல்லைச் சொன்னீராம். எம் மவ அதை ரெண்டு தரம் சொல்லிச் சிரிச்சா.

சரி, வாத்தியார் வேலைன்னா என்னன்னு நெனச்சிருக்கீரு? காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மே மாசம் முழுக்க லீவு, சாயங்காலம் நாலரைக்கு வீடு. எதுத்த வீட்டு டீச்சரம்மாவைப் பாத்துத்தான இந்த ஆசை வந்துச்சு? ராத்திரி எட்டு மணிக்கு அந்தம்மா போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நடக்கதைப் பாத்திருக்கீரா? காத்து வாங்கன்னு நெனைச்சீராக்கும். எமிஸ்னு கல்வித்துறை இணையதளம், அதுல பிள்ளைக விவரத்தை ஏத்தணும், சிக்னல் கிடைக்காது, அதுக்குத்தான் அந்த நடை. காலையில போனதும் வருகைப் பதிவு அதே போன்ல. இலவச சைக்கிள் வந்தா எண்ணி வாங்கணும், செருப்பு வந்தா அளவு பாக்கணும், பிள்ளை வரலைன்னா வீடு தேடிப் போகணும், எலெக்சன் வந்தா வாக்குச்சாவடியில உக்காரணும். இதுக்கு நடுவுல நேரம் கிடைச்சா பாடமும் நடத்தலாம்.

பரீட்சைக் கதைக்கு வாரும். பி.எட். இப்ப ஒரு வருசப் படிப்பு இல்ல, 2015-லேர்ந்து ரெண்டு வருசம். 22 வயசுப் பிள்ளைக நடுவுல நீரு கடைசி பெஞ்சு. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துல வாரக்கணக்காப் பயிற்சிக்குப் போயி, உம்மைவிட இருவது வயசு இளைய டீச்சர்ட்ட பாடக்குறிப்புக்குக் கையெழுத்து வாங்கணும். அதைக் கஷ்டப்பட்டு முடிச்சாலும் ஒண்ணாப்புலேர்ந்து அஞ்சாப்பு வரைக்கும் நீரு நடத்த முடியாது. அதுக்குத் தனிப் பட்டயப் படிப்பு வேணும். பி.எட். அங்க செல்லாதுன்னு 2023 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆக, குட்டிப் பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்கப் போறேன்னு நீரு எம் மவட்ட உருகுன உருக்கமெல்லாம் வீணு. உமக்கு ஆறாப்புக்கு மேலதான். மீசை முளைக்கப் போற பயலுவ. வாழ்த்துக்கள்.

அதுக்கு மேல டெட்டு, அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு. ரெண்டாம் தாளு, 150 மார்க்கு, பொதுப்பிரிவுன்னா 90 எடுத்தாத்தான் பாஸு. பாஸ் பண்ணினா வேலை கையில வந்து விழுமா? 2018-ல அரசாணை 149-ன்னு ஒண்ணு போட்டாவ. டெட்டு பாஸ் பண்ணினவுக நியமனத் தேர்வுன்னு இன்னொண்ணு எழுதணும். 2013-ல டெட்டு பாஸ் பண்ணிட்டு, பத்து வருசம் கழிச்சும் சென்னையில போயி உண்ணாவிரதம் இருந்தவுக உண்டு. அந்தப் போராட்டத்துக்குப் பொறவு 2023 அக்டோபர்ல ஒரு புண்ணியம் நடந்துச்சு. வேலைக்குச் சேருத வயசு வரம்பைப் பொதுப்பிரிவுக்கு 53, மத்தவுகளுக்கு 58-ன்னு ஒசத்தினாவ. ஓய்வு வயசு 60. அதனால வயசாச்சேன்னு கவலைப்படாதேயும். 58-ல சேர்ந்து, பிள்ளைக பேரை மனப்பாடம் பண்ணி முடிக்கும்போது பொன்னாடை போத்தி அனுப்பிருவாவ.

உள்ள போயிட்டா நிம்மதின்னும் நெனைக்காதேயும். 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்புச் சொல்லிச்சு. ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல இருக்கிற வாத்தியாருக, டெட்டு எழுதாம முன்னமே வேலைக்கு வந்தவுகளா இருந்தாலும், ரெண்டு வருசத்துக்குள்ள அதைப் பாஸ் பண்ணியே ஆகணும். எதுத்த வீட்டு டீச்சரம்மா வாசல்ல நடக்கும்போது கையில ஒரு கைடும் இருக்கும், பாத்திருக்க மாட்டீரு.

இவ்வளவு சொல்லுதேனே, போகாதேயும்னு சொல்லுதேனா? சொல்லல. எப்படிப் போறீருன்னு கேக்கேன்.

சவேரியாரை எடுத்துக்கிடும். பாரிஸ் சர்வகலாசாலையில தத்துவம் நடத்தின ஆளு. 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கினப்ப 36 வயசு. தமிழு ஒரு சொல்லு தெரியாது. தெரிஞ்ச ஆளுகளை வச்சு செபத்தைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் பண்ணி, தெருத்தெருவா கைமணியை ஆட்டிக்கிட்டுப் போயி பிள்ளைகளைக் கூட்டினாரு. அரிஸ்டாட்டிலை நடத்தின வாயி! ழகரமும் ளகரமும் நம்ம பொடிப்பயலுவட்ட என்ன பாடு பட்டிருக்கும்னு நெனைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். 1544-ல எழுதின கடுதாசியில, பாரிஸ்ல இருக்கிற பெரிய படிப்பாளிகளைப் பாத்து பைத்தியக்காரன் மாதிரி கத்தணும்போல இருக்குன்னு எழுதினாரு. அவருக்குப் பின்னால வந்த அண்டிரிக் அடிகளாரு இன்னும் ஒரு படி மேல. முதல்ல மாணவனா உக்காந்து தமிழைப் படிச்சாரு, இலக்கணம் எழுதினாரு, 1578-ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சுல வந்துச்சு. மொத்தமே 16 பக்கம். நீரு எடுத்த எடுப்புலயே கரும்பலகை முன்னால போயி நிக்கணும்னு பாக்கீரு.

அன்னைக்கு நீரு வந்திருந்தப்ப எங்க வீட்டுத் திண்ணையில நாலு பிள்ளைக தற்செயலா வந்து உக்காந்துதுன்னு நெனைச்சீரா? நான்தான் முறுக்கு வாங்கிக் கொடுத்துக் கூட்டியாந்தேன். திரேஸ்புரத்து ஃபைபர் போட்டுக்காரன் மவ, நாலாப்பு, ரெட்டைச் சடை, ஞாபகம் இருக்கா? நீரு தொண்டையைச் செருமிக்கிட்டு ஒரு கணக்குப் போட்டீரு. ஒரு போட்டுல அஞ்சு பேரு போனாவ, 40 கிலோ மீனு பட்டுச்சு, ஆளுக்கு எவ்வளவு? அவ நோட்டையே தொடல. "போட்டுக்குப் பங்கு எடுத்தாச்சா சார்?"னு கேட்டா. நீரு முழிச்சீரு. "எஞ்சினுக்கு? வலைக்கு?" நீரு என்ன சொன்னீரு? "அதெல்லாம் வேண்டாம்மா, சும்மா வகுத்தாப் போதும்." அவ 8-ன்னு எழுதிட்டு உம்மை ஒரு பார்வை பாத்தா பாரும். இந்த ஆளு கரையை விட்டு இறங்கினதே இல்ல போலன்னு அந்தப் பார்வை சொல்லிச்சு.

நான் உள்ள இருந்து சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அத்தோட முடிஞ்சுது கதைன்னு எழுந்திருக்கப் போனேன். அப்பத்தான் நீரு ஒரு காரியம் செஞ்சீரு. போட்ட கணக்கை அழிச்சுட்டு, "சரி, உங்க அப்பா எப்படிப் பிரிப்பாருன்னு நீ சொல்லு"ன்னு அவ கையில சாக்பீஸைக் கொடுத்தீரு. அவ எழுந்து வந்து எழுதினா. ஆளு 5, போட்டு 1, எஞ்சின் 1, வலை 1, ஆக 8 பங்கு. பங்குக்கு 5 கிலோ. டீசல் காசு, ஐஸ் காசு கழிச்சதுக்குப் பொறவுன்னு கீழ ஒரு கோடும் போட்டா. மத்த மூணு பிள்ளைகளும் அவங்கவங்க வீட்டுப் பங்கைச் சொல்ல ஆரம்பிச்சுதுக. ஒரே கூச்சல். நீரு வேர்த்து விறுவிறுத்து நடுவுல நிக்கீரு. முகத்துல நான் இதுவரைக்கும் பாக்காத ஒரு சிரிப்பு, கல்யாணத்தன்னைக்குக்கூட அது இல்ல. மருமவன் தேறிருவாரோன்னு எனக்கு லேசா ஒரு சந்தேகம் அப்ப வந்துச்சு.

நம்ம மாவட்டத்துக்காரரு, எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் பாரும். கரிசக்காட்டு இடைசெவல். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட சம்சாரி. அறுவது வயசைத் தாண்டினதுக்குப் பொறவு பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக் கூப்பிட்டு உக்கார வச்சுச்சு. எதுக்கு? பி.எட்டுக்கா? அவரு ஊரு ஊராச் சேத்து வச்சிருந்த கதைக்கும், கரிசல் வழக்குச் சொல்லுக்கு அகராதி போட்ட மூளைக்கும். உம்மட்ட என்ன சரக்கு இருக்குன்னு என்னைக்காவது ரோசிச்சீரா? எந்தக் கப்பல் எத்தனை டன்னு, எந்தச் சரக்கு எந்த நாட்டுக்குப் போவுது, உப்பு ஏன் இங்க விளையுது, கொழும்புக்கு எத்தனை கடல் மைலு, ஒரு பேப்பருல ஒரு எழுத்து தப்பினா எத்தனை நாளு சரக்கு நிக்கும். கணக்கும் பூகோளமும் அம்புட்டும் உம்ம பையில இருக்கு. அதை வீட்டுல வச்சுட்டுக் கைடு வாங்கப் போறீரு.

இன்னொண்ணு, இது வாத்தியார் விசயம் இல்ல, மாமனார் விசயம். முங்குதவன் கயித்தை மேல இருக்கிற மச்சான் கையிலதான் கொடுப்பானாம். தங்கச்சி தாலி அதுல தொங்குதுல்லா, அவன் அசர மாட்டான். நீரு ரெண்டு வருசம் சம்பளம் இல்லாம முங்கப் போறீரு, பொறவு பரீட்சைக்கு எத்தனை வருசமோ. மேல கயிறு பிடிக்கப் போறது ஆஸ்பத்திரி லேபுல நைட் டூட்டி பாக்கிற எம் மவ. அவட்ட "உங்கிட்ட ஒரு விசயம்"னு சொல்லிட்டீரு, "உன்னால முடியுமா"ன்னு கேட்டீரா? கேக்கலைன்னு அவ சொன்னா. இன்னைக்கே கேளும். வாங்குத கடன், பிள்ளை பீஸு, வீட்டு வாடகை எல்லாத்தையும் ஒரு தாளுல எழுதிக்கிட்டுக் கேளும். பில்லு போடுத ஆளுதான, தெரியாததா?

வேலையை விடாமலேயே பிள்ளைகளுக்கு நடத்தவும் வழி இருந்துச்சு. கொரோனாவுக்குப் பொறவு 2021-ல இல்லம் தேடிக் கல்வின்னு வந்துச்சே. மாசம் 1,000 ரூவாய்க்கு, தமிழ்நாடு முழுக்க ரெண்டு லட்சம் பேரு பக்கம் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வச்சு நடத்துனாவ. நம்ம தெருவுலயும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைக நடத்துச்சு. அப்ப நீரு எங்க இருந்தீரு? ஏசி அறையில உக்காந்து மனநிறைவு இல்லன்னு வருத்தப்பட்டுக்கிட்டு இருந்திருப்பீரு.

அதனால வேலையை இப்ப விடாதேயும். வாரத்துல மூணு நாளு, சாயங்காலம் ஆறரைக்கு எங்க திண்ணைக்கு வாரும். முறுக்கு என் செலவு. ஆறு மாசம் நடத்தும். நடுவுல பிள்ளைக ஓடிட்டா ஏன்னு அதுகட்டயே கேளும். நீரு ஓடிட்டா நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சும் இந்தக் கிறுக்கு இறங்கலைன்னா, பி.எட். முதல் வருசத்துப் பீஸை நான் கட்டுதேன். எம் மவட்ட மட்டும் இப்போதைக்கு அதைச் சொல்லிராதேயும்.