இடியன் துவக்கு நூல்களும் வேளாண்மைக் காவலும்: கிளிவெட்டி வயல்வெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் இடியன் எனும் பழைய துவக்குகளைப் பற்றிய நூல்களுக்கு உலகில் குறைவில்லை. எஜர்ட்டன் 1880இல் இந்திய ஆயுதங்களுக்கு ஒரு கைந்நூல் செய்தார். மறு ஆண்டே, துவக்குச் செய்யும் குடும்பத்தில் வந்த கிரீனர், துவக்கின் வரலாறு முழுவதையும் ஒரே நூலுக்குள் அடைக்கப் பார்த்தார். 1940இல் அமெரிக்கர் நெட் றொபேட்ஸ் கேப் வைத்துச் சுடும் றைபிளுக்கென்றே தனி நூல் எழுதினார். இவற்றை யார் படிப்பது என்று கேட்டால், ஏலத்தில் பழம்பொருள் வாங்குகிறவர்கள், அருங்காட்சியகத்தார், வேறு வேலையில்லாதவர்கள் என்று மூன்று வகையினரைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நான்காவது வகையினரான வயற்காவற்காரரை அறிஞர் உலகம் அடியோடு மறந்துவிட்டது. இந்நூல்களுக்கு உகந்த வாசிகசாலை இலண்டனில் இல்லை. பெரும்போக வேளாண்மை கதிர் முற்றி நிற்கும் மாதங்களில் திருகோணமலைப் பக்கத்துக் கிளிவெட்டி வெளியில் கட்டப்படும் காவற்குடிலே அது என்பது இக்கட்டுரையின் துணிபு. காரணம் எளிது. இந்நூல்களை முறையாகப் படித்தவன் சுடவும் மாட்டான், தூங்கவும் மாட்டான். காவற்காரனிடம் நாம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான்.

இடியனை ஒருமுறை நிரப்புவதைக் கிட்ட நின்று பார்த்தால் இது விளங்கும். குழலை நிமிர்த்திப் பிடித்து அளந்த மருந்தைக் கொட்ட வேண்டும். தேங்காய்த் தும்பை உருட்டித் திணித்து இடிகோலால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக்குண்டைப் போட்டு, அது உருண்டு வெளியே வந்துவிடாதபடி மறுபடியும் தும்பு வைத்து இடித்து, குதிரையைப் பின்னுக்கு இழுத்து, கேப்பை மாட்ட வேண்டும். பழகியவன் இதை இருட்டிலும் செய்வான். படித்தவனால் முடியாது. மருந்து என்றதுமே வெடியுப்பு 75, கரி 15, கெந்தகம் 10 என்ற பங்கு அவன் நினைவுக்கு வரும். கொட்டியாரக் குடாப் பக்கத்து ஈரக்காற்று அதை நனைத்திருக்குமோ என்ற ஐயம் அடுத்து வரும். இடிகோலைத் தொட்டால், முன்னைய வெடி குழலுக்குள்ளேயே கிடக்கிறதா என்று கோலை விட்டு அளந்து பார்க்கச் சொன்ன பக்கம் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பக்கத்தைத் தேட டோர்ச் வேண்டும். டோர்ச் அடித்தால் அடுத்த பக்கத்துப் படமும் கண்ணில் படும். இதற்கிடையில் பன்றி தன் பங்கை முடித்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போயிருக்கும்.

சுடுவதற்கும் படிப்பதற்கும் இடையிலான இந்தப் பகை புதிதன்று. ஒல்லாந்துப் படைக்காக யாக்கோப் டி கெய்ன் 1607இல் வெளியிட்ட பயிற்சி நூலில் மஸ்கட் துவக்கைக் கையாளுவதற்கு மட்டும் 43 படங்கள் உண்டு. 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களும் அதே ஒல்லாந்தர்தான். அவர்கள் நூலைக் கையில் வைத்துக்கொண்டு படம் படமாகப் புரட்டியிருந்தால் கோட்டை இன்றுவரை போர்த்துக்கேயரிடமே இருந்திருக்கும். படைகள் பிழைத்தது, படித்தவர் ஒருவர் சுட்டவர் வேறொருவர் என்ற வேலைப் பிரிவினையால்தான். காவற்குடிலில் இருப்பவனோ தனி ஆள். அங்கே அந்தப் பிரிவினைக்கு இடமில்லை.

இனித் தூக்கமின்மைக்கு வருவோம். துவக்கு நூலைப் போலக் கணக்குப் போட வைக்கும் இலக்கியம் வேறு இல்லை. 12 போர் என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தில் 12 குண்டு வார்க்கும்போது ஒரு குண்டு எந்தப் பருமனோ அந்தப் பருமன் குழலின் உள்வாய். குண்டு ஏறக்குறைய 38 கிராம். 4 போர் என்றால் குண்டு கால் இறாத்தல். இலக்கம் குறையக் குறைய வாய் பெருக்கும் என்பதை மனம் ஏற்றுக்கொள்ளவே முன்சாமம் கழிந்துவிடும். அதன்பின் சாமுவேல் பேக்கர் வருவார். 1840களில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய அவருடைய பெரிய றைபிளின் எடை 21 இறாத்தல். ஒரு வெடிக்குப் போகும் மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். அதைத் தோளில் வைத்துச் சுட்டவரின் தோள் என்னவாகியிருக்கும் என்ற யோசனையில் நடுச்சாமம் போகும். அதற்கும் அசையாதவர்கள் பி. ஈ. பி. தெரணியகல 1942இல் எழுதிய சிங்கள ஆயுதங்கள் பற்றிய ஆய்வுக்குப் போகலாம். மற்ற நாட்டுத் துவக்குகளில் நெருப்புண்டாக்கும் பொறி வலப்பக்கம் இருக்க, கண்டியத் துவக்குகளில் அது இடப்பக்கம் இருக்கிறது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனின் முகத்தோரமாகவல்லவா நெருப்புப் பறக்கும்? ஏன் அப்படிச் செய்தார்கள்? இந்தக் கேள்வி ஒன்றே விடியும்வரை போதும்.

படிக்காதவர்களும் சில வேளை சுடாமல் விடுகிறார்களே, அப்படியிருக்க நூலுக்கு ஏன் இந்தப் பெருமை என்று ஒரு மறுப்பு எழலாம். உண்மைதான். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தில் பொறுக்கியெடுத்த 27,000க்கு மேற்பட்ட துவக்குகளில் ஏறக்குறைய 24,000 சுடப்படாமல் நிரப்பியபடியே கிடந்தன என்று கணக்கு உண்டு. அவற்றில் பாதியில் இரண்டு தடவை நிரப்பிய மருந்து. ஒன்றில் 23 தடவை. ஆனால் அது அச்சத்தாலும் அவசரத்தாலும் வந்தது. அந்த 23ஆம் தடவையில் யாராவது விசையை இழுத்திருந்தால் குழல் அவன் கையிலேயே வெடித்திருக்கும். நூல் படிப்பவன் முதல் தடவையே நிரப்பி முடிப்பதில்லை. இரண்டு சும்மாயிருத்தலும் ஒன்றாகுமா?

படித்தபடி விழித்திருக்கும் இந்தக் காவலுக்கு நேர் எதிரிடை கட்டுத்துவக்கு. விலங்கு வரும் தடத்தில் நூலைக் குறுக்கே கட்டி, துவக்கை மரத்தோடு பிணைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே காவற்காரனும் இல்லை, படிப்பவனும் இல்லை. நூலில் கால் இடறினால் வெடிக்கும். வந்தது பன்றியா, தொலைந்த மாட்டைத் தேடி வந்தவனா என்று அது பார்க்காது. இந்த இடத்தில் ஆய்வாளன் கேலியை ஒருபுறம் வைத்துவிட வேண்டியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே போன கால்கள் இந்த நாட்டில் பல.

வாசிப்பின் வலிமைக்கு இந்தக் கொட்டியாரக் கரையே பழைய சான்றும் தரும். 1660இல் மூதூர்ப் பக்கம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் வந்தது பீரங்கி ஏற்றிய கப்பலில். பீரங்கி அவருக்கு உதவவில்லை. சிறையில் கூட இருந்தவை இரண்டு பக்தி நூல்கள். திரும்பத் திரும்பப் படித்து அவற்றை மனப்பாடமாக்கினார். பின்னொரு நாள் பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்துப் பைபிளும் வாங்கினார். 19 ஆண்டு கழித்து உயிரோடு தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அவரிடம் இருந்தவை துவக்கு நூல்களாக இருந்திருந்தால் இன்னும் 20 ஆண்டு அலுப்பில்லாமல் இருந்திருப்பார் என்பது எமது கணிப்பு.

சட்டமும் எமது பக்கமே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்குக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். துவக்கு நூலுக்கு வேண்டியதில்லை. எத்தனையோ ஆண்டுகள் சோதனைச் சாவடிகளைக் கடந்து பழகிய இந்தப் பிரதேசத்தார்க்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. படத்தைப் பார்த்துவிட்டு விசாரணை நடத்தப்படலாம் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகவே படமில்லாத பதிப்பைத் தேடுவது நல்லது.

எஞ்சியிருப்பது மிகக் கடுமையான மறுப்பு. காவற்காரன் படிப்பான், பன்றி படிக்காது. அதை எது துரத்தும்? யானைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தார் தரும் யானை வெடி இருக்கிறது. பன்றிக்குக் காலங்காலமாகத் தகரம் தட்டுவதே வழக்கம். அது குண்டுக்கு ஓடுவதைவிடச் சத்தத்துக்குத்தான் அதிகம் ஓடுகிறது. ஆகவே குடிலுக்கு வாங்கும் நூல் கட்டாயம் தடித்த அட்டை கட்டியதாக இருக்க வேண்டும். கிரீனரின் 1910ஆம் ஆண்டு ஒன்பதாம் பதிப்பு போதிய கனமானது. வெறும் எண்ணெய் பரலைக் கவிழ்த்து வைத்து, இரு கையாலும் நூலைத் தூக்கி ஓங்கி ஒரு போடு போட்டால் ஓசை அடுத்த வெளிவரை கேட்கும். மறுபடி நிரப்ப வேண்டிய வேலையும் இல்லை. விட்ட பக்கத்துக்கு மட்டும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.