தம்பி வந்தும் நகராத இடம்

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வில்லியம்–கேத்தரின் தம்பதியின் மூன்று குழந்தைகளில் சரித்திரம் படைத்தவர் வருங்கால மன்னர் ஜார்ஜ்தானே?

பதில்: இல்லை, நடுப்பிள்ளை சார்லட்! 2018-இல் தம்பி லூயி பிறந்தபோதும், வாரிசு வரிசையில் சார்லட்டின் இடம் இம்மியும் நகரவில்லை. 1950-இல் பிறந்த, சார்லட்டுடைய தாத்தாவின் தங்கை இளவரசி ஆனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தம்பிகள் ஆண்ட்ரூவும் எட்வர்டும் பிறக்கப் பிறக்க, அக்கா பின்னுக்குப் போனார். 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஆண் முன்னுரிமையை ஒழித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமே இந்த மாற்றத்துக்குக் காரணம். 'பிறப்பால் வரும் பதவியில் சமத்துவம் எதற்கு?' என்பீர்கள். முடியாட்சி வேண்டுமா என்பது தனி வழக்கு. அது இருக்கும்வரை, பெண் என்பதற்காக ஒருத்தியைக் கீழே இறக்குவது கூடுதல் அநீதி. பழமையையே பெருமையாகக் கொண்ட அரண்மனையே மாறிவிட்டது. 'காலங்காலமாக இப்படித்தான்' என்று இனி எந்த வீடும் சொல்ல முடியாது.