உம்மென்று இருக்கும் ஆம்ப்ளிஃபையர்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் 1960களின் ஆம்பெக் பி-15 பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ஆசையாக வாங்கிவிட்டார். ஆன் செய்தால் ஒரே ‘உம்ம்’. வால்வுகளை மாற்றினால் போதுமா?

பதில்: பளிச்சென்று எரிவதால் பழியெல்லாம் வால்வுக்கு! வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள். உம்மும் குறைந்தால் கோளாறு வால்யூம் குமிழுக்கு முந்தைய பகுதியில். குறையாமல் அப்படியே இருந்தால், பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மேல்தான் முதல் சந்தேகம். அறுபது வயதில் உள்ளே காய்ந்துபோயிருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் போனால் உம் அதன் இரட்டிப்பாக, 120 ஹெர்ட்ஸில் கேட்கும்.

பவர் வால்வின் உள்தகடு செக்கச்செவேலென்று சிவந்தால் உடனே ஆஃப் செய்யட்டும். பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து, கிரிட்டுக்கு வரக்கூடாத வோல்டேஜ் வந்திருக்கும். அதைக் கவனிக்காமல் புது வால்வு போட்டால் அதுவும் வெந்துபோகும். லாபம் வால்வு கடைக்காரருக்கு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். ஆகவே மூடியைத் திறக்கும் வேலை விவரம் தெரிந்த மெக்கானிக்குக்கு. ஸ்பீக்கரை இணைக்காமல் வாசித்துப் பார்க்கவும் வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் பர்ஸும் போகும்.

“மோடவுன் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்புகளில் வாசித்த மாடல்! ஒரு பாகத்தையும் மாற்ற மாட்டேன், எல்லாம் ஒரிஜினலாகவே இருக்கட்டும்” என்று அண்ணன் அடம்பிடித்தால், உம்மும் ஒரிஜினல்தான் என்று விட்டுவிடுங்கள்.