ஓட்டல் சோறு தந்த இங்கிலீஷ்

ஏலே பேராண்டி, உம் பொண்டாட்டி அவ அம்மாவை நெனச்சு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாளாம். நீ பெரிய துரை கணக்கா, "ஏன் இப்படி மாட்லினா இருக்கே"ன்னு கேட்டியாம். அவ போன்ல அர்த்தம் பாத்துட்டா. அதுலயிருந்து உனக்கு ஓட்டல் சோறுன்னு கேள்வி. நியாயந்தானலே!

அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவன் சொல்லுதேன், கேளு. மாட்லின்ங்கிறது மகதலேனா மரியாள் பேருடே. அந்தம்மாவை அழுத கண்ணோடயே படமா வரைஞ்சு வரைஞ்சு, அவ பேரே அழுகைக்கு ஆயிப்போச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல 1458-ல ஆரம்பிச்ச மாக்டலன் காலேஜை இன்னைக்கும் வாயால சொல்லும்போது 'மாட்லின்'னுதான் சொல்லுதாங்க. காலேஜ் வரைக்கும் போன பேரு அப்புறம் சாராயக்கடைக்கும் போயிட்டு. 1592-ல தாமஸ் நாஷ்னு ஒரு இங்கிலீஷ்காரன் குடிகாரப் பயலுவளை எட்டு வகையாப் பிரிச்சு எழுதுனான். அதுல அஞ்சாவது இந்த மாட்லின். உள்ள போனதும் பாசம் பொங்கி, பக்கத்துல இருக்கவனைக் கட்டிப்பிடிச்சு முத்தங்கொடுத்து அழுவானே, அந்த வகை. கல்யாண வீட்டுல உங்க சித்தப்பன் பண்ணுனது ஞாபகம் இருக்கா? அவனுக்கு வச்ச பட்டத்தை எடுத்து, காப்பிகூட குடிக்காத புள்ளைக்கு மாட்டிட்டியே!

அவளுக்கு டியர்ஃபுல் போதும்டே. கண்ணு கலங்கியிருக்குன்னு மட்டும் சொல்லும், யாரையும் குத்தாது. வீப்பின்னா தொட்டதுக்கெல்லாம் கண்ணைக் கசக்குற ஆளு; கொஞ்சம் இளக்காரம் உண்டு. அவளா "இன்னைக்கு நான் வீப்பி"ன்னு சொல்லிக்கிட்டாச் சரி, நீ சொன்னா இன்னொரு வாரம் ஓட்டல்தான். லாக்ரிமோஸ் புஸ்தகத்துக்கு லாயக்கான சரக்கு. லத்தீன்ல லாக்ரிமான்னா கண்ணீரு. கண்ணு டாக்டரும் கண்ணீர்ச் சுரப்பியை லாக்ரிமல்னுதான் சொல்லுவாரு. அடுப்படியில போயி அதைச் சொன்னா, 'என்ன சொட்டு மருந்து'ன்னு கேப்பா. க்ரைபேபி பள்ளிக்கூடத்துப் பயலுவ திட்டு, வாயிலயே எடுக்காதே.

இதெல்லாம் உனக்கு இப்ப எதுக்கு? வீட்டுக்குப் போ. செருப்பு விடுற எடத்துல இங்கிலீஷையும் விட்டுட்டு, "உங்க அம்மாவைப் பாக்க எப்பப் போவோம்"னு தமிழ்ல கேளு. பஸ்ஸுக்குக் காசில்லன்னு எங்கிட்ட மட்டும் வராதே. நீ மாட்லினா அழுதாலும் பைசா பேராது.